புருவம், இரண்டு விரற்கடை மேலே

கிண்டி எஸ்டேட்டில் மூன்றாவது மாடி.
பதினெட்டுக் கணினி, ஒரே ஒரு ஜன்னல்.
அங்கேதான் எனக்கு வில்லியைக் கொடுத்தார்கள்:
மேகம் திருடும் மகாராணி.
இரண்டு பாட்டு, ஒரு சாவு.

பக்கத்து மேசை நஸ்ரின் நாயகியை முடித்திருந்தாள்.
நல்ல பெண். கண் பெரிது.
கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியாது.
நல்லவர்களுக்கு அப்படித்தான்,
கைகள் சும்மா தொங்கும்.

என் மகாராணி ஒரு மாதமாகக் கோபப்பட்டாள்.
கோபம் மட்டும்தான் பட்டாள்.
வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரைப் போல
பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.
"உயிரில்லையே" என்றார் இயக்குநர்,
டீக்குள் உடைந்து விழுந்த பிஸ்கட்டைப் பார்த்தபடி.

அந்தச் சனிக்கிழமை
நுங்கம்பாக்கத்தில் ஓர் ஓட்டலின் அடித்தளம்.
கார் நிறுத்துமிடத்தை ஒட்டி மேடை. ஏசி ஓடவில்லை.
"மிஸ் கத்திரி வெயில்!" என்று மைக் அலற
வந்தாள்.
இல்லை, முதலில் ஒரு விரல்தான் வந்தது.
திரைக்கு வெளியே நீண்டு
யாரையோ கூப்பிட்டு,
வேண்டாமென்று திருப்பி அனுப்பியது.
பிறகு முழங்கை. பிறகு தோள்.
முகம் வருவதற்குள் பாதிப் பாட்டு முடிந்திருந்தது,
நாங்கள் முழுசாகத் தோற்றிருந்தோம்.

அன்று என் நோட்டில்:
புருவம் கண்ணுக்குச் சொந்தமில்லை.
இமை மூட எட்டு ஃப்ரேம், திறக்க இரண்டு.
சிரிப்புக்கு முன்னால் மூச்சு, மூச்சுக்கு முன்னால் இடுப்பு.
அதற்குக் கீழே வியர்வையில் மை கரைந்திருக்கிறது.

ஒப்பனை அறை என்பது துடைப்பம் வைக்கும் அறை.
எபனேசர், ராயபுரம், பகலில் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு.
மேடையில் அவள், இங்கே அவன்.
அது அவனே சொன்ன இலக்கணம்.
இடுப்பிலிருந்து சோபாப் பஞ்சை உருவிக்கொண்டே சொன்னான்:
"புருவத்த பசக்குச்சி தேச்சு படுக்க வெச்சிடணும்.
ஸ்கூல் பசங்க ஒட்டுவானுங்களே, அதான், பத்து ரூபா.
காஞ்சதும் ரெண்டு வெரக்கடை மேல புச்சா வரையணும்.
பொறந்த எடத்துலயே கெடக்கணும்னு
புருவத்துக்கு எதுனா சட்டமா கீது?"

திங்கட்கிழமை
மகாராணியின் புருவத்தை அழித்து மேலே ஏற்றினேன்.
முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.
அலட்சியமாக.

க்ளையண்டிடமிருந்து குறிப்பு வந்தது:
மணிக்கட்டு கொஞ்சம் அதிகம், இது குடும்பப் படம்.
மணிக்கட்டில் நான்கு பாகை குறைத்தேன்,
அதைச் சுண்டுவிரலில் சேர்த்துவிட்டேன்.
சுண்டுவிரலை யாரும் பரிசோதிப்பதில்லை.

நன்றிப் பட்டியலில் ஒரு பெயர் சேர்க்கக் கேட்டேன்.
"எந்தப் பெயர்?" என்றார்கள்.
எபனேசரா, கத்திரி வெயிலா
என்று நான் யோசித்த நேரத்தில்
பட்டியல் மூடிவிட்டது.

வடபழனி மாலில் காலைக் காட்சி.
மலை உச்சியிலிருந்து விழுகிறாள் மகாராணி,
நாற்பத்தெட்டு ஃப்ரேமில்.
குழந்தைகள் கைதட்டினார்கள்.
நான் அவன் பக்கம் திரும்பவில்லை.
"கொன்னுட்ட" என்றான்.
"நாங்க மட்டும் எப்பவும் மேலருந்துதான் விழணும், இன்னா?"
கொஞ்ச நேரம் பாப்கார்ன் சத்தம் மட்டும்.
"ஆனா உழும்போதும் கை கரெக்டா இருந்துச்சுப்பா."

இறங்கும்போது எஸ்கலேட்டரில்
ஏழு வயதிருக்கும், ஒரு பையன்,
விரலை நீட்டி, யாரையோ கூப்பிட்டு,
வேண்டாமென்று திருப்பி அனுப்பினான்.
"டேய், கையக் கீழ போடு" என்றார் அப்பா.
போட்டான். பாக்கெட்டுக்குள்.
துணிக்குள்ளே ஏதோ ஒன்று
சின்னதாக, விடாமல்
அசைந்துகொண்டிருந்தது.

எபனேசர் விரலில் ஒட்டிய உப்பைத் துடைத்துவிட்டு
அவனைப் பார்த்து
ஒரு புருவத்தை உயர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமைப் புருவம், பசையில்லை.
பிறந்த இடத்தில் இருந்ததுதான்.