பதினோராவது இடம்

ஸ்ரான்லி றோட்டில் ஃபோட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
சனிக்கிழமை மூன்று மணி வகுப்பு.
ஆறு பேர். நாலு மடிக்கணினி.
கீழே மெஷின் ஓடும்போதெல்லாம்
மேசை மெல்ல அதிரும்.

முதல் நாள் பலகையில் ஒரு கோடு போட்டேன்.
இந்தப் பக்கம் கேட்கிற ஆள்.
அந்தப் பக்கம் சொல்லுகிற ஆள்.
பைதனில் நாங்கள் கட்டப்போவது
இரண்டுக்கும் இடையில் என்றேன்.
ஒருவருக்கும் விளங்கவில்லை.

பிறகு பஸ் ஸ்ராண்டைச் சொன்னேன்.
எழுநூற்றைம்பது என்றால் பருத்தித்துறை.
எந்த வரிசையில் நிற்பது என்று
ஒரு பலகை காட்டும். அதுதான் ரூட்.
பலகை பஸ் ஓட்டாது.
"பலகை பஸ் ஓட்டாது" என்று
பஸ்மிலா கொப்பியில் எழுதி
கீழே இரண்டு கோடு இழுத்தாள்.
மூன்று மாதத்தில் நான் சொன்னவற்றுள்
அது ஒன்றுதான் நின்றது என்று நினைக்கிறேன்.

நானூற்று நாலைக் காட்டினேன்.
கோபிக்காதேயுங்கோ, அது நேர்மையான பிழை,
நீங்கள் கேட்ட விலாசம் இஞ்ச இல்லை எண்டு
முகத்துக்கு நேரே சொல்லுது.
மயிலிட்டித் தவநேசன் சிரித்தார்:
"எங்கட வீட்டுக்கும் கனகாலம்
உந்தப் பதில்தான் மிஸ்."
ஐந்நூறு அப்படியில்லை.
உள்ளே ஏதோ நடந்துவிட்டது,
என்ன என்று வெளியே சொல்லமாட்டார்கள்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.
லொக் பார்க்கப் பழகவேண்டும் என்று மட்டும் சொல்லி
பலகையை அழித்தேன்.

யூடிற் பாசையூர்.
அண்ணனுடைய ஐஸ் வாடிக்கு ஒரு செயலி எழுதினாள்:
எந்த வள்ளம், எத்தனை பெட்டி, காசா கடனா.
எல்லாம் ஒரே கோப்பில். எண்ணூற்றுச் சொச்சம் வரி.
கேட்டதை வாங்குவது, கணக்குப் பார்ப்பது,
பக்கத்துக்கு நீலம் பூசுவது,
மீனையும் சவர்க்காரத்தையும்
ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்ததுபோல.
ஆனால் ஓடியது.
விடிய நாலு மணிக்கு, ஈரக் கையோடு
ஒருவர் ஃபோனில் தட்ட, ஓடியது.

"பிரிச்சு எழுதுங்கோ" என்றேன்.
"ஓடுறதை ஏன் மிஸ் உடைப்பான்?"

புத்தகத்துப் பதில் என்னிடம் இருந்தது.
மொடல் ஒரு கோப்பு, வியூ ஒரு கோப்பு,
முகம் எல்லாம் டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள்.
சொன்னேன். பிரித்தாள்.
உடனே நின்றது.
மொடல் வியூவைக் கேட்க, வியூ மொடலைக் கேட்க,
நீங்கள் முதல் வாங்கோ, இல்லை நீங்கள் என்று
கலியாணப் பந்தி வாசலில்
இரண்டு சம்பந்திமார் நிற்பதுபோல் நின்றன.
சோறு ஆறியது.
அவள் பழையதை மீட்டு எடுத்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் படியிறங்கினாள்.

இரண்டு சனி வரவில்லை.

மூன்றாவது சனி வந்து சொன்னாள்.
ஐஸ் விலை கூடிவிட்டது.
விலை பதினொரு இடத்தில் எழுதியிருந்தது.
பத்தைத் தேடி மாற்றிவிட்டாள்.
பதினோராவது, கடன்காரர் பட்டியலுக்குள்.
பன்னிரண்டு நாள் பழைய விலையில் போயிருக்கிறது.
"அண்ணா ஏசேல்லை," என்றாள்,
"திரும்பக் கொப்பியில எழுதத் தொடங்கிட்டார்."

மடிக்கணினியைத் திறந்தாள். வெறும் கோப்பு ஒன்று.
"விலைக்கு மட்டும் ஒரு இடம் மிஸ்.
என்ன பேர் வைக்கிறது?"
நான் பலகைப் பக்கம் போகவில்லை.
ஏதோ ஒரு பெயர் சொன்னேன், அவள் வேறொன்று வைத்தாள்.
அவள் வைத்ததுதான் நல்லது.

ஒன்றை அவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.
திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு புடவைக்கடைக்கு
ஏழு வருசத்துக்கு முன் நான் எழுதிக்கொடுத்தது
இன்றைக்கும் ஓடுகிறது.
ஒரே கோப்பு. மூவாயிரம் வரி.
நடுவில் என்னுடைய குறிப்பு:
இதைத் தொடவேண்டாம். ஏன் என்று தெரியாது. வேலை செய்கிறது.
பொங்கலுக்கு விலைக்கழிவு போட
ஒவ்வொரு மார்கழியும் முதலாளி கூப்பிடுவார்.
நான் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு
மடிக்கணினியை
சத்தம் வராமல் மூடுவேன்.