இரண்டாம் கியரில் கீரிப்பாறை

வடசேரி நெரிசல் தாண்டும்வரை
அவர் ஒன்றும் பேசவில்லை.
புத்தேரிக் குளத்தருகே ஆரம்பித்தார்:
"பைய போ கிளாடிஸ்,
மரம் எங்கேயும் ஓடிப் போவாது."

நாற்பத்தொன்பது வயதில் உரிமம் எடுத்தவள் நான்.
பையப் போவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.
பின்னால் தடிக்காரன்கோணம் பேருந்து
ஹாரன் அடித்து அடித்து அலுத்து
எங்களைத் தாண்டுகையில் ஓட்டுநர்
என் முகத்தைப் பார்த்தார், வண்டியை அல்ல.

இடது கண்ணுக்கு அறுவை முடிந்து பதினெட்டு நாள்.
வலது கண்ணுக்கு வருகிற வியாழன்.
அதற்குள் ரப்பர் இலை பழுப்பதை
ஒருதரம் பார்த்தாக வேண்டுமென்று ஒரே பிடி.
"ரெண்டும் சரியான பிறவு போனா என்ன?"
"அப்ப ஒரு நிறந்தானே தெரியும்."
கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

திட்டுவிளையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.
வயல் தீர்ந்து வாழை, வாழை தீர்ந்து தென்னை,
ஏற்றம் தொடங்கியதும்
ரப்பர்.

ஆண்டு முழுக்க ஒரே பச்சையில்
பள்ளி அணிவகுப்பாய் நின்று சலிப்பூட்டும் மரம்.
தையில் மட்டும் அதற்குக் கிறுக்குப் பிடிக்கிறது.
ஒரு சரிவு முழுக்கச் செம்பு.
அடுத்த சரிவு,
காய்ந்த மஞ்சள் கிழங்கை உடைத்தால்
உள்ளே இருக்குமே, அந்த நிறம்.
நடுவே ஒற்றை மரம் பிடிவாதப் பச்சையில்,
வழக்கு நடக்கும் சொத்தைப் போல.

காற்று வருகையில் இலைகள்
விழுவதாகத் தெரியவில்லை.
நிறுத்தம் வந்துவிட்டதென்று எழுந்து
கொஞ்சம் தடுமாறி
இறங்குகின்றன.

அவர் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடினார்,
பிறகு மற்றதை.
"புதுக் கண்ணுல செவப்பு. ஓரத்தில ஊதாகூட இருக்கு.
பழசுல எல்லாமே சுக்குக்காப்பி."

கீரிப்பாறைக்கு முந்திய வளைவில் நிறுத்தினோம்.
மரந்தோறும் சிரட்டை கவிழ்ந்திருந்தது.
நாலைந்து பெண்கள் சருகை வாரி
தீ பரவாதிருக்கத் தடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
"ரெத்தினபாயி" என்று யாரோ கூப்பிட
நிமிர்ந்தவள் எங்களைக் கண்டாள்.
"வழி தவறிட்டியளா?"
"இல்ல, இலை பாக்க வந்தோம்."
"எந்த எல?"
"இந்த இலைதான்."

வாரியலை ஊன்றிக்கொண்டு அவளும் திரும்பி
மலையை மேலிருந்து கீழே பார்த்தாள்,
யாரோ இப்போதுதான் கொண்டுவந்து வைத்ததுபோல.
"இதுக்கா பெட்ரோல் ஊத்தி வந்திய?"
சிரித்தாள். நாங்களும்.
"எல விழுந்தா எங்களுக்கு வெட்டில்ல.
மாசம் ஒண்ணரை ஆவும் துளிர்த்து வர.
அதனால நான் மேல பாக்கதேயில்ல."
இரண்டு பழம் வாங்கிக்கொண்டாள்.
ஒன்றை அங்கேயே தின்றாள்,
ஒன்றை மடியில் செருகினாள்.

அதற்குமேல் கண்ணாடியை இறக்கியே ஓட்டினேன்.
எங்கோ கிராம்பு காயப்போட்டிருந்தார்கள்.
பல்வலிக்காரன் வாய்போல் மணத்தது காடு.

காளிகேசம் ஆற்றருகே வண்டியை அணைத்ததும்
மரங்களை விட்டுவிட்டு
என் பக்கம் திரும்பினார்.
முதலில் புதுக் கண்.
"உனக்க முடி இவ்வளவு வெள்ளையா?"
"பதினோரு வருசமாச்சு."
கையை மாற்றினார்.
பழைய கண் நேரம் எடுத்துக்கொண்டது.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன்.
ஓர் இலை வந்து ஒட்டியது. இன்னொன்று.
வைப்பரைப் போடவில்லை.

"இதுல நீ
கல்யாண ஆல்பத்தில இருக்க மாதிரியே இருக்க."
"வியாழக்கிழமையோட அந்த ஆல்பம் போச்சு" என்றேன்.
அதற்கு அவர் ஏதோ சொன்னார்.
தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை,
திரும்பக் கேட்கவுமில்லை.

இறக்கத்தில் ரெத்தினபாயின் கூட்டம் இல்லை.
வாரிய தடத்தில் அதற்குள் மறுபடி இலை.
திட்டுவிளை தாண்டிய நேர்ச்சாலையில்
வாழ்க்கையில் முதல்முறையாக
நான்காம் கியர் போட்டேன்.
பைய போ என்று சொல்ல ஆளில்லை.
இரண்டு கண்ணையும் மூடி, வாய் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தார்.