நாலாம் கவுண்டர்

சோஹார் நீதிமன்றம், நாலாம் கவுண்டர்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கல்ஃபான்
காலண்டர் மேல் பேனாவை வைத்து எண்ணுகிறான்,
கோழி அரிசி பொறுக்குவதுபோல, ஒன்றுவிடாமல்.
முப்பது.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
தலையை உயர்த்தாமல் சொல்கிறான்: இரண்டு நாள் பிந்திவிட்டது.

என் பக்கத்தில் தவசிமுத்து.
சாரம் கட்டுகிறவர்.
ஒன்பது வருடப் பணிக்கொடை கேட்டுக் கீழ்கோர்ட்டில் தோற்றவர்.
மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு
அவர் கையில், வியர்வையில் ஓரம் சுருண்டு.
அவருக்குத் தெரிந்த அரபி மூன்று சொல்:
தண்ணீர், மேலே, நாளைக்கு.
மூன்றாவதை ஊரே சேர்ந்து கற்றுக்கொடுத்தது.

நான் சொல் தூக்குகிறவன்.
மணிக்கு இரண்டு ரியால்,
ஊர்க்காரர் என்றால் ஒரு டீ.

பிறையைச் சொன்னேன்.
இருபத்தொன்பதாம் இரவு அது வரவில்லை,
பெருநாள் ஒருநாள் தள்ளிப்போனது,
இந்தக் கதவு கூடுதலாகப் பூட்டிக் கிடந்தது.
பூட்டிய நாளையும் நாளென்று எண்ணலாமா?

கல்ஃபான் குமாவைச் சற்றே பின்னால் தள்ளினான்.
வலது கை பழக்கத்தில் சிவப்பு முத்திரையைத் தேடிப் போய்
பாதி வழியில் நின்றது.

கண்ணாடியில், அவன் பக்கமாக, ஒரு சுற்றறிக்கை.
பின்னாலிருந்து பார்க்கையில், வெளிச்சத்தில்,
அரபி தமிழைப்போல இடமிருந்து வலமாக ஓடியது.
எழுத்துக்கூட்டித் திருப்பித் திருப்பிப் படித்தேன்:
பதிவாளர் மனுவை வாங்கலாம். எண் இடலாம்.
நாளைக் கணக்கிடலாம். குறையைக் குறிக்கலாம்.
தள்ளுவது நீதிபதியின் வேலை.
போன மாதத் தேதி.
அப்படியானால் அதற்கு முந்தைய மாதம்
இதே ஜன்னலில் சிவப்பு வாங்கித் திரும்பியவர்கள்?
அதை நான் கேட்கவில்லை.

பூட்டிய நாள் நாளா என்பது சட்டக் கேள்வி, என்றான்.
அது எனக்கு மேலே.
இல்லையென்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
சிரித்தான். ஆமென்று சொல்லவும்.

தவசிமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் புரிந்தது.
சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்
என்பதை இத்தனை வருடம் பார்த்தவர்:
கேட்டில் விசில், கிளினிக்கில் டோக்கன்,
பெயருக்கு எதிரே ஃபோர்மேன் போடாமல் விட்ட ஒரு டிக்.
கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து,
"சார், நீங்க மனசு வச்சா நடக்கும்."
பிறகு என்னைப் பார்த்தார். சொல்லு.

மனசு வைப்பதற்கு அரபியில்
ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும்.
நான் தேடவில்லை.
அந்த மனசைத்தானே
அவன் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள்,
அதனால்தானே இப்போது பிழைத்தோம்.
நன்றி சொல்கிறார், என்றேன்.

கல்ஃபான் ஓரத்தில் பென்சிலால் ஒரு இரண்டு போட்டான்.
பக்கத்தில் கேள்விக்குறி,
அரபியில் அது திரும்பி நிற்கும் காது மாதிரி.
நீல முத்திரை.
தள்ளுவண்டி ஒரு சக்கரத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே
லிஃப்டுக்குள் போனது.
மேலே யார் இருக்கிறார், எப்படிப்பட்டவர்,
எங்களுக்குத் தெரியாது.

வெளியே நாற்பத்துநான்கு டிகிரி.
ரசீது எண்ணைத் தவசிமுத்து
ஹெல்மெட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொண்டார்.
"நான் சொன்னதுக்கு என்ன சொன்னான்?"

சொல் தூக்குகிறவன் சொல்லை நிறுத்தலாமா என்று
என் பக்கம் யாரும் சுற்றறிக்கை ஒட்டவில்லை.
ஒரு வரி என்னிடம் வந்தது.
எண் இடவில்லை. மேலே அனுப்பவில்லை.
நாள் கணக்கும் பார்க்கவில்லை.
தள்ளிவிட்டேன்.

டீக்கடையில் அவர் சட்டைப்பையில் கைவிட்டார்.
இன்றைக்கு என் கணக்கு, என்றேன்.
ஏன் என்று கேட்டார்.
நாளைக்கு, என்றேன், அரபியில்.