மலை வரையக் கூடாது

எதிர்பார்ப்புகளை எழுதித் தரச் சொன்னார் தலைமை ஆசிரியை.
ஒன்பதாம் வகுப்பு, ஓவியம், முதல் பருவம்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல், புதன்கிழமைக்குள்.

வாரத்துக்கு மூன்று அரைநாள் என் வேலை.
அதிலும் வெள்ளி கடைசிப் பிரிவேளையைக்
கணக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்விடும்,
‘போர்ஷன் முடியல மேடம்’ என்று
கதவைப் பாதி திறந்தபடி.

ஆனாலும் எழுதினேன், முதலில் சார்ட்டில்.
டூ-பி பென்சில். இல்லையென்றால் இருக்கிற பென்சில்.
ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்;
தப்பாகப் போன கோடு தாளிலேயே கிடக்கட்டும்,
அதன் மேலேயே அடுத்ததைப் போடு.
பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து வரையாதே,
பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து வரை.
‘எனக்கு டிராயிங் வராது மிஸ்’ என்று சொல்லாதே.
வராதது மூலக்கடை பஸ்.

கடைசி வரி மட்டும் சிவப்பு மார்க்கரில்:
மலை வரையக் கூடாது.

முப்பத்தோரு நோட்டில் இருபத்தேழில்
இரண்டு முக்கோணம், நடுவே சீப்புப் பல் வைத்த சூரியன்,
சரி போட்டது போல நான்கு பறவை,
குடிசை, தென்னை, வளைந்து வரும் ஆறு.
கொருக்குப்பேட்டை கேட்டில்
ரயில் போகக் காத்து நின்றே வளர்ந்த பிள்ளைகள்.
யாரோ வரைந்ததைப் பார்த்து யாரோ வரைந்ததைப் பார்த்து
இவர்கள் வரைந்த மலை.
கண்ணால் பார்த்ததைக் கொண்டு வா என்றேன்.

மோசஸ் தண்ணீர் லாரிக்கு முன்னால்
குடங்களை நிறுத்தினான். ஒரு குடத்துக்குக் கோபம்.
அப்சல் தன் இடது ஷூவை மட்டும், லேஸ் இல்லாமல்.

டில்லிராணியின் நோட்டில்
பக்கம் முழுக்க மலை.
பின்னால் சூரியன். மேலே பறவைகள்.
சார்ட்டின் சிவப்பு வரியை ஸ்கேலால் தட்டினேன்.
எழுந்து நின்றாள்.
‘பாத்ததுதான் மிஸ் வரைஞ்சேன்.’
எங்கே?
‘எழில் நகர்ல. எங்க மொட்ட மாடிலேர்ந்து.’
யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன்.
மலைக்கு உச்சி இல்லை, கத்தி வைத்துச் சீவினது போல.
ஓரத்துப் பாதையில் எறும்பளவு லாரி ஏறுகிறது,
பின்கதவு இல்லை அதற்கு.
மூன்று இடத்தில் புகை.
சூரியன் நடுவில் இல்லை; புகைக்குப் பின்னால்
வெளுத்துப்போய், நோட்டின் விளிம்பில்.
பருந்துகளுக்கு வால் பிளந்திருக்கிறது.
ஒன்றின் காலில் ஏதோ தொங்குகிறது.
அது என்ன? ‘கோழி கால் மிஸ்.’
புகைக்கு என்ன செய்தாய்?
‘எச்சி தொட்டு தேச்சேன்.’
கட்டைவிரலை நீட்டினாள், கறுப்பாக.

பதினோரு வருடமாக இந்தப் பள்ளிக்கு வருகிறேன்.
காற்று வடக்கிலிருந்து திரும்பினால் ஜன்னல் சாத்துகிறேன்.
அயனாவரத்தில் என் வாசலில் காலை தோறும் வைக்கும் வாளி
குலுங்கிக் குலுங்கி எங்கே போகிறது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
அந்தப் படத்தில், லாரிக்குக் கொஞ்சம் மேலே,
என் வீட்டு முருங்கைக்காய்ச் சக்கையும் இருக்கும்.

‘தப்புன்னா வேற வரையட்டுமா மிஸ்?’

வேண்டாம் என்றேன். மார்க்கரை எடுத்து
சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
சார்ட் பேப்பரில் மார்க்கர் பட்டால்
அப்புறம் எதுவும் போகாது.

புதன்கிழமை, தலைமை ஆசிரியை அறை.
அந்தச் சார்ட்டைப் பார்த்து அப்படியே எழுதிய தாளை,
அடித்த வரியோடு, மேஜைமேல் வைத்தேன்.
மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.
‘அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக் குடுங்க மேடம்.’
என்னிடம் ரப்பர் இல்லை என்றேன்.
தன்னுடையதை எடுத்து நீட்டினார்,
புத்தம் புதியது, பச்சை உறைகூடக் கழற்றாதது.