அரைநொடி

ஃப்ரிபூரில் மேட்டையும் ஆற்றங்கரையையும்
இணைக்கும் இழுவைவண்டிக்கு மின்சாரம் வேண்டாம்.
மேலே நிற்கும் பெட்டியில்
ஊர்க் கழிவுநீரை நிரப்புவார்கள்.
அது இறங்கும் பாரத்தில் கீழ்ப்பெட்டி ஏறும்.
கொஞ்சம் நாறும். பழகிவிடும்.

கிஸ்லேன் தஃப்லோன் மேட்டுக்காரி.
வெரேனா சோசோ ஆற்றங்கரை.
எட்டுப் பருவம் எதிரெதிரே ஆடினார்கள்.
மேசையில் நான்:
அகதி அட்டைக்கு இரண்டு வயது,
பிரெஞ்சில் எண்கள் மட்டும் சரளம்.
அது போதும் என்றார்கள்.

வெரேனாவின் கைகள்
கூரைக்கு மேல் போன முருங்கை.
கிஸ்லேன் எறிந்ததெல்லாம்
அதில் பட்டு அவளிடமே திரும்பும்.
மூன்றாம் வருஷம்
கிஸ்லேன் ஒன்று கண்டுபிடித்தாள்:
பந்தைத் தூக்கிவிட்டு
எறியாமல்
அரைநொடி நிற்பது.
முருங்கை எழும்பும், காற்றைத் தட்டும், இறங்கும்.
பிறகு எறிவாள்.

நாலாம் வருஷம் வெரேனா
எழும்பாமலிருக்கக் கற்றாள்.
அது இன்னும் கடினம் என்று
உடம்பால் ஆடியவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்று, பங்குனிக் குளிர்.
மண்டபத்துக் கடிகாரம் பழுது.
என் இடக்கையில் நிறுத்துகடிகாரம்,
வலக் கட்டைவிரலடியில் ஊதுகுழல் பொத்தான்.
ஒரு புள்ளி பின்தங்கிய கிஸ்லேன்
பந்தைத் தூக்கினாள்.
நின்றாள்.
ஊதியது. பந்து விழுந்தது.
எது முதல் என்று
இரண்டு கரையும் இன்றுவரை கதைக்கிறது.

வைகாசியில் வெரேனாவின் முழங்கால் போனது.
அடுத்த பருவம்
கூடைக்கும் கிஸ்லேனுக்கும் நடுவே ஒருத்தியுமில்லை.
ஆனாலும் பந்தைத் தூக்கி, நின்று,
இல்லாத கை எழும்பி இறங்கும்வரை பார்த்திருந்து
எறிந்தாள்.
புள்ளித்தாளில் அதை எழுத
கட்டம் ஏதும் இல்லை.

போன வாரம் ஷோன்பெர்க் பள்ளித் திடலில்
பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி,
தகப்பன் எரித்திரியாக்காரன்,
பந்தைத் தூக்கினாள்.
நின்றாள்.
ஆர் காட்டித் தந்தது என்று கேட்டேன்.
காட்டவா? என்று சிரித்தாள்.
எல்லாரும் இப்பிடித்தானே எறியிறது.

இறங்கும்போது இழுவைவண்டியில் வெரேனா,
மடியில் லீக்ஸ் கட்டு,
இரும்பு வைத்த காலை நீட்டியபடி.
முப்பது வருஷமாய்க் கேட்பதைக் கேட்டாள்.
ஊதினேன், அது உண்மை, என்றேன்
முப்பது வருஷமாய்ச் சொல்வதை.

எப்போது ஊதினேன் என்று சொன்னதில்லை.
அந்த அரைநொடி
நானும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எழும்புமா என்று.

நடுவழியில் ஏறுகிற பெட்டி எங்களைக் கடந்தது.
வெரேனா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.