குருவிக்குக் கணக்கு வராது

முதலில் கட்டியது பாறையின் நெற்றியில்.
அங்கிருந்து எல்லாமே தெரிந்தது:
குப்பனூர்ச் சாலையின் வளைவுகள்,
அயோத்தியாப்பட்டணத்துத் தென்னைகள்,
ஓரமாகச் சேலம், ஊதி அணைத்த அடுப்பு மாதிரி.
எல்லாம் தெரிகிற இடத்தில்
எல்லாவற்றுக்கும் நாமும் தெரிவோம் என்பது
மூன்று ஞாயிறு வீணான பிறகே உறைத்தது.

இரண்டாவது, உண்ணிச்செடிப் புதருக்குள்.
மறைவு நன்றாகத்தான் இருந்தது.
காலை வெயில் நேரே லென்ஸுக்குள் விழுந்து
படத்தில் குருவிகள் எல்லாம் கரித்துண்டு.
கட்டெறும்பு விஷயத்தைச் சொல்லப்போவதில்லை.

மூன்றாவதுதான் நின்றது.
கொட்டச்சேடு தாண்டி,
பாறை கசிந்து உள்ளங்கை அளவு நீர் தேங்கும் ஓரிடம்.
கிழக்குக்கு முதுகு காட்டி, பன்னிரண்டடி தள்ளி
நாலு மூங்கில்,
எங்கள் ஆலையின் ஜவ்வரிசிச் சணல்சாக்கு ஒன்பது.
இருப்பு நோட்டில் ‘கிழிந்தவை, 9’ என்று எழுதினேன்.
கிழித்ததும் நான்தான்.
புளித்த மாவு வாசனை போக
ஒரு வாரம் ஓடைச் சேற்றில் ஊறப்போட்டேன்.
போகவில்லை.

தேடியது மஞ்சள்தொண்டைச் சின்னானை.
தெருக் கம்பிகளில் உட்கார்ந்து வம்பளக்கும் சின்னான் இல்லை.
பாறையும் முள்ளும் கலந்த சரிவைத் தவிர
வேறெங்கும் குடியேறச் சம்மதிக்காத பிடிவாதம் அது.
தனியாக நுழைந்தால் வராது.
நுழைந்ததை எங்கிருந்தோ பார்த்திருக்கும்.
நான் வெளியே வரும்வரை
அதற்கும் வேறு வேலையில்லை.

அதனால்தான் அர்த்தநாரி.
தங்கையின் கணவன், சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை.
கொலுசுக்குச் சலங்கை வைப்பவன்.
சத்தம் போடாத எதன்மேலும் அவனுக்கு மரியாதை கிடையாது.
“இதுக்கு நான் எதுக்குங்க மச்சான்?”
“ரெண்டு பேரா உள்ள போவோம். நீ மட்டும் வெளிய வா.
இருமு. போன் பேசு. திரும்பிப் பார்க்காத.
குருவிக்குக் கணக்கு வராது,
ஆள் போயிட்டாப்லன்னு நெனச்சுக்கும்.”

பதினோரு ஞாயிறு.
வெளியேறுவதில் அவனுக்கு ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது.
பாக்கி வைத்தவர்களைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே
பஸ் நிற்கும் இடம்வரை போவான்.
உள்ளே நான், முழங்கால் மரத்து,
கையகல ஓட்டை ஒன்றில் கண்ணை ஒட்டவைத்து.

சிவப்புமீசைச் சின்னான் வந்தது. தேன்சிட்டு வந்தது.
ஒரு கீரி குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் போனது.
ஆடு மேய்க்கும் சடைச்சி ஓட்டையில் குனிந்து
“உள்ளாற யாரு? தீப்பெட்டி இருக்குதா?” என்றாள்.
மஞ்சள்தொண்டையின் குரல் மட்டும் கேட்கும்,
மிக அருகில்,
என் மண்டைக்குள்ளிருந்தே வருவதுபோல.
சாக்கின்மேல் வெள்ளை எச்சம் வாராவாரம் கூடியது.
காக்கை என்று குறித்துவைத்தேன்.

பன்னிரண்டாவது வாரம் அவனுக்கு நடக்கச் சலிப்பு.
“இன்னைக்கு நான் உள்ள குந்திக்கறேன், நீங்க போங்க.”
எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்து
வெளியே வந்தேன். இருமினேன்.
திட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை.
போன மாத மூட்டைக் கணக்கை உரக்கச் சொன்னேன்.
நாற்பதடி போனதும்
என் விதியை நானே மீறித் திரும்பினேன்.

எத்தனை அசிங்கமாக இருந்தது!
மலையேறிய யாரோ இறக்கிவைத்து மறந்த சுமை.
நடுவில் ஓட்டை, ஓட்டையில் கண்ணாடி மினுக்கம்.
இதற்குள்ளா நான் ஒளிந்திருந்தேன்?

அதன் உச்சியில்,
ஒன்பதாவது சாக்கின் தையல்மேல்,
இரண்டு மஞ்சள்தொண்டைகள்.
ஒன்று காவல். மற்றது
நிதானமாகச் சணல்நூல் உருவிக்கொண்டிருந்தது.
அதன் காலுக்கு ஒரு முழம் கீழே
அர்த்தநாரி, வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தமில்லாமல்,
தண்ணீரையே பார்த்துக்கொண்டு.

கூப்பிட்டால் பறந்துவிடும்.
கேமரா அவனிடம்.
வெளியேறுகிறவன் வேலை வெளியேறுவது.

“ஆத்தூர் லாரி, இருநூற்றுப் பத்து மூட்டை.
சங்ககிரி லாரி, நூற்றெண்பது.
கிழிந்த சாக்கு, ஒன்பது”
என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினேன்.
சடைச்சியின் ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டன.