வற்றம், மாலை 4.10

பீட்டர்ஸ்பர்க், அலாஸ்கா.
மருந்துக்கடையில் ஆள் இல்லாத மூன்று வாரத்துக்கு
ஆளாக வந்திருக்கிறேன்.
சனிக்கிழமை எனக்கு விடுமுறை, மழைக்கு இல்லை.
விடுதி மேசையில் ஒரு மடிப்புத் தாள்:
பார்க்க வேண்டிய இடங்கள், எட்டு.
மேலே கொட்டை எழுத்தில்
ஊர் தொடங்கிய ஆண்டு, 1897.

முதலாவது, நார்வேக்காரர்களின் மன்றம்.
கழியின் மேல் மரக்கால்களில் நிற்கிற வெள்ளைக் கட்டடம்,
பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி
தண்ணீரில் இறங்கத் தயங்குகிறவளைப் போல.
ஜன்னல் கதவுகளில் சுருள்சுருளாய்ப் பூக்கள்.
இந்த மண்ணில் முளைக்காத வகை.
தூரிகையால்தான் அவற்றுக்குத் தண்ணீர்.
கதவு பூட்டியிருந்தது.
"கல்யாணம், பிங்கோ, இழவு, எல்லாம் உள்ளேதான்"
என்று சொல்லிப் போனார் ஒருவர்,
என் குடையைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முயன்றபடி.

பக்கத்திலேயே வைக்கிங் கப்பல், தரையில்.
முகப்பில் வாய் பிளந்த டிராகன்,
நம்ம யாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று தோன்றியது.
மூக்கு நுனியில் சொட்டு நிற்கிறது.
சளிக்கு என்னிடம் மருந்து உண்டு,
திங்கள் ஒன்பது மணிக்கு மேல் வரவும்.

மூன்றாவது, ஒரு சந்து.
எல்லாத் தெருவும் நார்வே பேசும் ஊரில்
இதற்கு மட்டும் சீனக் கடைக்காரர் பெயர், சிங் லீ.
அவரை யாரோ கொன்றார்களாம்.
யாரென்று கேட்டேன்.
"அதுதான் தெரியாதே" என்றாள் காபிக்கடைப் பெண்,
நுரையை ஒழுங்காக்கிக்கொண்டே.

மியூசியத்தில் ஒரு சால்மன்,
ஏழாம் வகுப்புப் பையன் எடை.
கலங்கரை விளக்கத்திலிருந்து கழற்றி வந்த
பெரிய கண்ணாடிக் கண் ஒன்று,
எத்தனையோ படகுக்குப் பாறையைக் காட்டியது.
இப்போது அதன் வழியே பார்த்தால்
தலைகீழாய்த் தெரிகிறது
கழிப்பறைக்குப் போகும் அம்புக்குறி.

பிறகு பித்தளைத் தகடுகள்.
கடலுக்குப் போய்க் கரைக்கு வராதவர்கள்.
தோர்ஸ்டாட், எவென்ஸ், லோக்கன், மறுபடி தோர்ஸ்டாட்.
இந்த வாரம் முழுக்க
இதே பெயர்களை ஒட்டுத்தாளில் அடித்து
புட்டிகளில் ஒட்டினேன்.
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின்.
இங்கே அளவு எழுதவில்லை.
கடைசி வரிசையில்
திருகு மட்டும் போட்டு வைத்த வெற்றுத் தகடுகள் நான்கு.
நான் எண்ணியிருக்க வேண்டாம்.

ஆறும் ஏழும் சொல்லும்படியாக இல்லை.

எட்டாவதற்குத் தாளில் படம் கிடையாது.
மணல் கடற்கரை, வற்றம் பார்த்துப் போகவும், அவ்வளவே.
என் கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கிறது
கடலின் கால அட்டவணை. இன்றைக்கு 4.10.
போனேன். கடல் வெகுதூரம் விலகியிருந்தது.
பாசி, சேறு, சிப்பி,
கல்லோடு கல்லாய்க் கிடந்த கற்கள்.
மன்றமில்லை, கப்பலில்லை, பலகைகூட இல்லை.
ஒரு கல்மேல் ஏறி நின்று தேடினேன்.

"கொஞ்சம் நகருங்க."
ரப்பர் பூட்ஸ், கையில் அளவுநாடா,
செவ்வாயன்று என்னிடம் களிம்பு வாங்கிய ரொவீனா ஜேம்ஸ்.
"எட்டாவது எங்கே இருக்கு?"
"அது மேலதான் நிக்கறீங்க."

இறங்கியதும் தெரிந்தது.
கற்கள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டு
வளைந்து வளைந்து போயின, பட்டி போல.
ஓதம் ஏறும்போது மீன் உள்ளே வரும்,
இறங்கும்போது வழி தெரியாமல் நிற்கும்.
"எப்போ கட்டினது?"
"ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."
"யாரு?"
"நாங்க" என்றாள்.
நேற்று வேலி போட்டவள் சொல்வது போலச் சொல்லிவிட்டு
நாடாவின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள்.
இழுத்துப் பிடித்தேன். ஒரு எண்ணை எழுதிக்கொண்டாள்.

மடிப்புத் தாள் பையில் நனைந்து
1897 மட்டும் என் சட்டையில் நீலமாய் இறங்கியிருந்தது.

ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது.
யாரும் மணி அடிக்கவில்லை, சீட்டுக் கேட்கவில்லை.
முதலில் வளைவின் முனை, பிறகு நடு,
பிறகு நாங்கள் நின்ற இடம்.

அறை ஹீட்டரின் மேல் என் ஷூக்கள் காய்கின்றன.
மீன் வாடை.
ஜன்னலைத் திறக்கலாமா என்று யோசித்து
திறக்காமல் படுத்துக்கொண்டேன்.